விக்டர் சார் கண்டுபிடித்த கிருமி

காட்டூரில் விக்டர் சார் வீடு எது என்று கேட்டால் பால் போடுகிறவர்கூடச் சொல்லிவிடுவார். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்கள் டாக்டராகவும் லேப் டெக்னீஷியனாகவும் மெடிக்கல் ரெப்பாகவும் திருச்சி முழுக்க இறைந்து கிடக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் எழுந்து நின்று, "சார், என்னைத் தெரியுதா?" என்பார்கள். அதனால் அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு தனி சுகம். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிற இடத்துக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போவார்.

அவர் வகுப்புகளிலேயே பேர் வாங்கியது நோய்த்தடைகாப்புப் பாடம். போர்டின் நடுவில் மேலிருந்து கீழாகச் சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பார். இடது பக்கம் ‘இயல்பு', வலது பக்கம் ‘பெறப்பட்டது'. இயல்பான காவல் பிறக்கும்போதே கூட வந்தது. வாசலில் கட்டிய நாய் மாதிரி, வந்தவன் யார் என்ன என்று விசாரிக்காது, உடனே குரைக்கும். பெறப்பட்ட காவல் போலீஸ். புகார் எழுதி, ஆளை அடையாளம் பார்த்து, ஒரு வாரம் கழித்துச் சாவகாசமாக வரும். ஆனால் ஒரு தடவை பிடித்தவன் முகத்தை ஆயுசுக்கும் மறக்காது. டி செல் என்கிற வெள்ளை அணுக்கள் எல்லாம் போலீஸ் பக்கம். "கோட்டைத் தாண்டி எழுதினா மார்க் போச்சு" என்பார். பிள்ளைகளும் தாண்டியதில்லை, அவரும் தாண்டியதில்லை. அவர் மானம் போனது அந்தக் கோட்டால்தான்.

அவர் மனைவி செல்வமேரி அதிகம் பேசாதவர். வீட்டில் பேச்சு முழுவதையும் ஒருத்தரே குத்தகைக்கு எடுத்துவிட்டால் மற்றவர் என்ன செய்வார்? போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு வலுவிழந்துவிட்டது, வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் மருந்து ஏற்றினால் போதும் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் சொன்னார். இரண்டு பேரும் ஒரு காலை நேரத்தில் பஸ் பிடித்துப் போனார்கள்.

டிரிப்ஸ் போட்டது அல்ஃபியா என்ற நர்ஸ். கல்யாணமாகாத பெண், சிரித்த முகம். செல்வமேரியின் கையில் நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. தட்டிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் கிளவுஸின் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கிழித்துவிட்டு, வெறும் விரலால் தடவி நரம்பைப் பிடித்தாள். பல நர்ஸுகள் செய்கிறதுதான். செய்யக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஊசி ஏறியதும், "அம்மா, உங்களுக்கு இது முதல் தடவை. நாளைக்குக் காய்ச்சல் வரலாம், உடம்பெல்லாம் வலிக்கலாம். பயந்துடாதீங்க. பாராசிட்டமால் போட்டுக்கிட்டு நல்லா தண்ணி குடிங்க, ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்" என்றாள். செல்வமேரி தலையாட்டினார்.

அந்த நேரத்தில் விக்டர் சார் பக்கத்துக் கட்டிலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எலும்பைக் கரைக்கிற செல் எது, கட்டுகிற செல் எது என்று ஒரு மாமியின் மருமகனுக்கு விளக்கம். கிளவுஸ் கிழிந்தது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது. நர்ஸ் சொன்னது காதில் விழவே இல்லை.

மறுநாள் மதியம் செல்வமேரிக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. பல் கிட்டித்து நடுங்கினார். தொட்ட இடமெல்லாம் வலி. இரண்டு போர்வையைப் போட்டு மூடிவிட்டு விக்டர் சார் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். அவர் யோசித்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு படிகூடத் தப்பு இல்லை. மருந்து இவள் உடம்புக்குப் புதிது. புதுப் பொருளை உடம்பு கற்றுக்கொள்ள ஒரு வாரமாவது ஆகும். ஆகவே இது டி செல்லின் வேலை இல்லை. ஒரே நாளில் காய்ச்சல் என்றால் இடது பக்கத்து நாய் குரைத்திருக்கிறது. நாய் குரைக்க வேண்டுமென்றால் திருடன் வந்திருக்க வேண்டும். அதாவது ரத்தத்தில் கிருமி. கிருமி எங்கிருந்து வந்தது? கிழிந்த கிளவுஸ்.

"அந்தப் பொண்ணு சொன்னாங்க, காய்ச்சல் வரும்னு" என்றார் செல்வமேரி போர்வைக்குள்ளிருந்து.

"சொல்லாம என்ன பண்ணுவா? முன்ஜாமீன் வாங்கி வெச்சிருக்கா!"

"இல்லைங்க, எல்லாருக்கும் சொல்றதுதானாம்."

"மேரி, நீ பேசாம படு. இந்தப் பாடத்தை நான் எத்தனை பிள்ளைகளுக்கு எடுத்திருக்கேன்?"

சாயங்காலம் ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து செல்வமேரியின் போனுக்கு அழைப்பு வந்தது. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அல்ஃபியாதான் கூப்பிட்டிருந்தாள். விக்டர் சார் நம்பரைப் பார்த்ததும், "சமாதானம் பேச வர்றா" என்று கட் செய்தார். பிறகு தன் போனை எடுத்துத் தமிழில் டைப் செய்ய ஆரம்பித்தார்.

செய்தி பிரமாதமாக வந்தது. ‘அன்பார்ந்த திருச்சி மக்களுக்கு' என்று தொடக்கம். ஆஸ்பத்திரி இருக்கும் தெரு, செவிலியரின் பெயர் அல்ஃபியா, கிழிந்த கிளவுஸ், அடுத்த நாள் காய்ச்சல். அதற்கடுத்து அந்த விளக்கம்: இயல்பு, பெறப்பட்டது, ஆகவே, ஆகவே, ஆகவே. கடைசி வரியில் ‘என் மனைவி உயிருக்குப் போராடுகிறார்' என்று எழுதினார். செல்வமேரி அப்போது உயிருக்குப் போராடவில்லை. ரசம் சாதம் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே தன் பெயர், பட்டம், பதவி எல்லாம் போட்டு, பங்குக் கோயில் குரூப், ஓய்வு பெற்ற ஆசிரியர் குரூப், காட்டூர் குடியிருப்போர் குரூப், பழைய மாணவர் குரூப் என்று எல்லாவற்றிலும் தட்டிவிட்டார்.

போன் ஓயவில்லை. ‘சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்.' ‘தைரியமா எழுதினீங்க சார்.' ‘எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க.' நடுவில் ஒருத்தர், ‘பேரைப் பார்த்தாலே தெரியலையா' என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொருத்தர் அதைவிட மோசமாக எழுதினார். விக்டர் சார் அதைப் படித்தார். இது சரியில்லை என்று மனசில் ஒன்று முள்ளாகக் குத்தவும் செய்தது. ஆனால் அத்தனை பேர் பாராட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் ஒருத்தரைக் கண்டிப்பதா என்று விட்டுவிட்டார். பொதுவாக ஒரு கும்பிடு படத்தைப் போட்டார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். ரிட்டையர் ஆன பிறகு அவர் சொன்னதை இத்தனை பேர் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆன்டிபயாடிக் ஒன்றும் கொடுக்கவில்லை, கிருமி தானாகவே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டதாக்கும். செல்வமேரி எழுந்து வந்து டீ போட்டார். விக்டர் சாருக்கு அதுவே லேசாக இடித்தது. அப்போதுதான் ஜோஸ்வின் போன் செய்தான். அவரிடம் படித்தவன், இப்போது வெளியூரில் மருத்துவக் கல்லூரியில் இதே நோய்த்தடைகாப்பை நடத்துகிறவன்.

"சார், குரூப்ல பாத்தேன். அம்மா எப்படி இருக்காங்க?"

"பரவாயில்லப்பா. கண்டத்துலேர்ந்து தப்பிச்சா."

"சார், தப்பா நினைக்காதீங்க. அது கிருமி இல்ல சார். அந்த மருந்தை முதல் தடவை போட்டா நிறைய பேருக்கு வரும். அந்தக் காய்ச்சலைக் கிளப்பறதே ஒரு டி செல்லுதான்."

"டி செல்லா? ஒரே நாள்லயா? என்னப்பா சொல்ற?"

"காமா டெல்டா டி செல்லுன்னு ஒரு ரகம் சார். வழக்கமான ரகம் இல்ல. நீங்க சொல்லுவீங்களே நாய், போலீஸ்னு. இதுக்கு யூனிஃபார்ம் போலீஸோடது, ஓட்டம் நாயோடது. பாடம் படிச்சிட்டு வர்ற வரைக்கும் காத்திருக்காது."

பிறகு நிதானமாகச் சொன்னான். எலும்பு மருந்து ரத்தத்திலுள்ள சில வெள்ளை அணுக்களுக்குள்ளும் போய் அங்கே நடக்கிற ஒரு வேலையை நிறுத்திவிடுகிறது. அதனால் உள்ளே ஒரு பொருள் தேங்குகிறது. கிருமிகள் உண்டாக்குகிற ஒரு பொருளுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே சாயல். தேங்கியதை உணர்ந்ததும் இந்த டி செல்கள் கிருமி வந்துவிட்டதென்று நினைத்து ஊரைக் கூட்டிவிடும். அதுதான் காய்ச்சல், நடுக்கம், வலி. கிருமியே இருக்காது.

"அப்ப அது இருந்து என்னப்பா பிரயோஜனம்? பொய்யா ஊரைக் கூட்டறதுக்கா?"

"நிஜக் கிருமி வந்தா அதுதான் சார் முதல்ல ஓடும். ஓடறது மட்டும் இல்ல, பிடிச்சதைக் கொண்டுவந்து மத்த டி செல்லுக்கெல்லாம் காட்டிக் கொடுக்கும். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நிக்கிற ஆளு. உங்க போர்டுல சிவப்புக் கோடு போடுவீங்கள்ல? அந்தக் கோட்டு மேலயே உக்காந்திருக்கு சார்." கொஞ்சம் சிரித்தான். "நான் இன்னைக்கும் கிளாஸ்ல உங்க கோட்டைத்தான் முதல்ல போடறேன். அப்புறம் அழிச்சுக் காட்டறேன்."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால்கூட விக்டர் சார் தாங்கியிருப்பார். போனை வைத்த பிறகு அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த செல்லாவது சாயலைப் பார்த்து ஏமாந்தது. தனக்குக் கண்ணும் காதும் இருந்தது, பக்கத்தில் படுத்திருந்த மனைவி இரண்டு தடவை எடுத்துச் சொன்னாள், விசாரித்து ஒரு பெண் போன்கூடச் செய்தாள். எதையும் கேட்காமல் ஊரைக் கூட்டியாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இருந்தாலும் ஒரு வாரம் சும்மா இருந்தார். ஆறிப்போனதை எதற்குக் கிளறுவது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். செல்வமேரிதான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தார். அல்ஃபியா அங்கே இல்லை. செய்தி வந்த மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதைக் கேட்டதும் விக்டர் சார் உட்கார்ந்து ஒரு மறுப்புச் செய்தி எழுதினார். நீளமாக எழுதினார். காமா டெல்டா செல், தேங்குகிற பொருள், நவீன ஆராய்ச்சி, பாடநூல்களின் போதாமை. எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினார்.

செல்வமேரி கேட்டுவிட்டு, "இதுல அந்தப் பொண்ணு பேரு எங்க?" என்றார்.

"செவிலியர்னு போட்டிருக்கேனே."

"திட்டும்போது மட்டும் பேரு போட்டீங்க. உங்க தப்புன்னு எங்க இருக்கு? செல்லு செல்லுன்னுதான் இருக்கு. தப்பு பண்ணினது செல்லா?"

இத்தனை வருஷத்தில் செல்வமேரி அவரை இப்படிக் கேட்டதில்லை. அவர் அதை அனுப்பவில்லை. மறுநாள் இரண்டு பேரும் பீமநகருக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ஆயாம்மா வீட்டு அடையாளம் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தது அல்ஃபியாவின் அத்தா நிஜாமுதீன். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, தெருமுனையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறவர். "மகளைப் பாக்கவா? வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கேட்காமலேயே டீக்குச் சொன்னார். நோயாளி யாரோ நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்ல காரியம் பண்ணினீங்க. இப்ப எங்க வீட்டுக்கு யாரு வர்றா?" என்றார். "யாரோ ஒரு வாத்தியாராம். நல்லாப் படிச்ச மனுஷனாம். புள்ள பேரை எடுத்து ஊரெல்லாம் சிரிக்கப் பண்ணிட்டான். போற ஆஸ்பத்திரியில எல்லாம், நீதானா அந்த அல்ஃபியான்னு கேக்குறாங்க."

விக்டர் சார் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தெரிகிறது. வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசிப் பிழைத்த வாய். செல்வமேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அல்ஃபியா வந்தாள். பார்த்ததும் நின்றாள். "அம்மா, காய்ச்சல் விட்டுடுச்சா?" என்று முதலில் செல்வமேரியைக் கேட்டாள். பிறகு அத்தாவிடம் திரும்பி, "இவங்கதான் அத்தா" என்றாள்.

நிஜாமுதீனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அவர் கத்துவார் என்று விக்டர் சார் எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட நினைத்தார். அவர் கத்தவில்லை.

"டீயைக் குடிங்க, ஆறுது" என்றார். பிறகு, "நீங்க எழுதினதுல கீழே உங்க பேரு இருந்துச்சாமே. என் கைக்கு வரும்போது அது இல்லைங்க. ‘அனுபவம் மிக்க ஒரு உயிரியல் ஆசிரியர்'னுதான் இருந்துச்சு. கை மாறக் கை மாற உங்க பேரு கழண்டுடுச்சு. எங்க புள்ள பேரு மட்டும் கழலல" என்றார்.

"மன்னிச்சிடும்மா" என்றார் விக்டர் சார்.

அல்ஃபியா அழவில்லை. "கிளவுஸ் கிழிச்சது நிஜம் சார். அதுக்குத் திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். நான் போன் பண்ணினப்போ எடுத்து ரெண்டு வார்த்தை கத்தியிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன்" என்றாள். "இங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன சார் ஆகப்போவுது? எங்க போட்டீங்களோ அங்க போடுங்க."

அன்றைக்கே போட்டார். இந்தத் தடவை மூன்றே வரி. செவிலியர் அல்ஃபியா மீது நான் சொன்னது தவறு. அந்தக் காய்ச்சல் எலும்பு மருந்தின் இயல்பு, அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். விசாரிக்காமல் எழுதியது என் குற்றம் – விக்டர். எல்லாக் குரூப்பிலும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பங்குக் கோயில் குரூப்பில் ஒருத்தர் கட்டை விரல் போட்டார். ஆசிரியர் குரூப்பில், ‘எந்த அல்ஃபியா?' என்று ஒருத்தர் கேட்டார். மற்றபடி யாரும் கண்டுகொள்ளவில்லை. யாருக்கும் அனுப்பச் சொல்லி யாரும் எழுதவில்லை. பேரைப் பற்றி எழுதினவர்கள் காலை வணக்கம் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அல்ஃபியாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி ஸ்ரீரங்கத்து டாக்டரை நேரில் பார்த்துக் கேட்கலாம் என்று ஒரு நாள் தனியாகக் கிளம்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். அவருடைய தாயார் முன் சீட்டில். தாயாருக்கு எலும்புத் தேய்மானம், டிரிப்ஸ் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்த ஆளே பேச்சுக் கொடுத்தார். விக்டர் சார் போகிற ஆஸ்பத்திரியைக் கேட்டதும், "அய்யய்யோ, அங்கேயா போறீங்க?" என்று போனை எடுத்து நீட்டினார். "என் மச்சான் அனுப்பினான். படிச்சுப் பாருங்க."

படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு ‘ஆகவே'யும் மனப்பாடம்.

"இது தப்புங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எழுதினவனே நான்தான்."

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சார், இதை எழுதினவரு பெரிய புரொபசரா இருப்பாரு போல. எவ்வளவு விவரமா, ஒண்ணு ரெண்டுன்னு புரிய வெச்சிருக்காரு பாருங்க. இப்படி எழுதத் தெரிஞ்சவரு பொய்யா எழுதுவாரா?"

"பொய் இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சதை வெச்சு எழுதினேன். தெரியாதது ஒண்ணு இருந்துச்சு" என்று விக்டர் சார் ஆரம்பித்தார். அந்த செல்லைப் பற்றிச் சொல்லவும் வாயெடுத்தார். அந்த ஆள் ஏதோ பாவப்பட்ட மனுஷன் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். விக்டர் சாருக்கு அவமானமாக இருந்தது, பாதியில் நிறுத்திவிட்டார்.

"சரி விடுங்க சார், அது எப்படியோ இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அந்த ஆள். "அந்த நர்ஸை அங்கேர்ந்து தூக்கிட்டாங்களாம். இப்ப எங்க வேலை பாக்குதுன்னு ஏதாச்சும் தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க. அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகாம இருப்பேன்."

அல்ஃபியா முசிறியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அந்த வாரம்தான் சேர்ந்திருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள் என்று செல்வமேரி சொல்லியிருந்தார்.

"தெரியாதுங்க" என்றார் விக்டர் சார். சொல்லிவிட்டு, முகத்தை அந்த ஆளுக்குக் காட்ட முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.